ஒட்டினால் வாங்காதீர்கள்: ஒரு குழாய்த் துண்டோடு சிதம்பரம் போய் வந்தது

இந்தப் பக்கத்தில் இதுவரை எழுதியதெல்லாம் சரக்கு எடுக்கப் போன பயணங்கள். மும்பையில் குழாய்க் கடைத் தெருவுக்கு எந்த வழியாகப் போவது, அகமதாபாத் ரயிலில் சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்றுதான். இந்தத் தடவை வெறும் 45 கிலோமீட்டர். கடலூரிலிருந்து சிதம்பரம். கோயிலுக்கு இல்லை, பிச்சாவரம் படகுக்கும் இல்லை. பையில் மூன்று அங்குல நீளத்துக்கு அறுத்த ஒரு குழாய்த் துண்டை வைத்துக்கொண்டு, ஒரு கல்லூரியின் உலோகவியல் ஆய்வகத்துக்குப் போனேன். போனது போன மாதம் ஒரு வியாழக்கிழமை. போகும்போது ஒருவர் மேல் கொலைவெறி. திரும்பும்போது கோபம் குறையவில்லை, ஆள்தான் மாறிவிட்டது.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு: என் கடை மஞ்சக்குப்பம் மைதானத்துக்குப் பின்பக்கம். எஸ்.எஸ். குழாய், வால்வு, போல்ட். எஸ்.எஸ். என்றால் துருப்பிடிக்காத எஃகு. மிதிவண்டியில் பழைய இரும்பு வாங்கி விற்று ஆரம்பித்தவன் நான். பத்தாம் வகுப்போடு சரி. உலோகம் பற்றித் தெரிந்ததெல்லாம் கையால் தொட்டும், தட்டிப் பார்த்தும், ஏமாந்தும் தெரிந்துகொண்டது.

ஊருக்குத் தெற்கே, ரசாயனத் தொழிற்பேட்டை இருக்கும் குடிகாட்டில் ஓர் ஆலை. பெயர் வேண்டாம். அங்கே கொதிக்கக் கொதிக்க உப்புநீர் ஓடும் குழாய் வரிசை ஒன்று உண்டு. அதில் முன்பு 316 என்கிற ரக எஸ்.எஸ். போட்டிருந்தார்கள். நல்ல ரகம்தான், ஆனால் சூடும் உப்பும் சேர்ந்தால் அதற்கு ஆகாது. எட்டாவது மாதம் மயிரிழை விரிசல். பீய்ச்சி அடித்ததில் ஓர் ஒப்பந்தத் தொழிலாளிக்கு முழங்கைவரை வெந்துவிட்டது. அவருக்கு இரண்டடி தள்ளி நின்றவன் ஏழுமலை. என் மனைவியின் தம்பி, அந்த வரிசையின் ஆபரேட்டர்.

அதற்குப் பிறகு ஆலோசனை சொல்ல வந்த பொறியாளர் ஒருவர் ‘டூப்ளெக்ஸ்’ என்ற உயர் ரக எஃகு போடச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். ஆர்டர் எனக்கு வந்தது. மும்பை போய், சான்றிதழோடு பதினான்கு குழாய் எடுத்து வந்து இறக்கினேன். புதன்கிழமை மாலை ஆலையின் ஸ்டோர்ஸ் அதிகாரி மேஜை டிராயரிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்தார். குழாயில் வைத்தார். டக்கென்று ஒட்டியது.

“இன்னா இது? எஸ்.எஸ்.னு சொல்லி இரும்ப இறக்கிட்டுப் போறீங்க?”

“டூப்ளெக்ஸ் சார். சர்டிபிகேட்ட பாருங்க.”

“பேப்பர எவன் வேணா அடிப்பான். காந்தம் பொய் சொல்லாது.”

அந்தக் கடைசி வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வருகிறேன்.

உலோகத்தில் என்ன கலந்திருக்கிறது என்று சொல்லும் கருவி, பார்க்கத் துப்பாக்கி மாதிரி இருக்கும், அந்த ஆலையிலேயே ஒன்று உண்டு. ரிப்பேருக்குச் சென்னை போயிருக்கிறதாம். லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய கருவி இல்லை, அதனால் ஐம்பது கிராம் காந்தம் தீர்ப்பு சொல்கிறது. ஆறு மணிக்கு ஏழுமலை போன் செய்தான்.

“மாமா, உங்க பைப்ப கேட்டுக்கு வெளிய போட்டாங்க. அவசரத்துக்குப் பாண்டிலேர்ந்து பழையபடி 316 வருது. காந்தம் ஒட்டல, ஓகே ஆயிடுச்சி. நாளைக்கி வெல்டிங், நாளான்னைக்கி காலைல ஸ்டார்ட்டப்பு. எனக்குத்தான் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டு.”

“லீவப் போடு மச்சான்.”

“நான் லீவு போட்டா அங்க வேற ஒருத்தன் நிப்பான் மாமா. அவன் அக்கா ஊட்டுக்காரரு பைப்பு கட வெக்கல, அதனால அவன் நின்னா பரவால்லியா?”

316 முதல் நாளே வெடிக்காது. அதுதான் மோசம். ஓட ஆரம்பித்துவிட்டால் அடுத்த வருட ஷட்டவுன் வரை நிறுத்த மாட்டார்கள். இடையில் எந்த மாதம், யாருடைய ஷிஃப்டில் விரிசல் விடும் என்பது தெரியாது. வெள்ளிக்கிழமை காலைக்குள் என் குழாய் டூப்ளெக்ஸ்தான் என்று யாராவது எழுதித் தர வேண்டும். நல்லவேளை, சரக்கை இறக்கும் முன் ஒரு குழாயின் நுனியில் மாதிரிக்கு அறுத்து வைத்த துண்டு கடையில் இருந்தது. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். எனக்கே உள்ளுக்குள் ஓர் அரிப்பு. மும்பை வியாபாரி, “ஒட்டும், பயப்படாதீங்க” என்று சொல்லித்தான் விற்றார். ஏன் ஒட்டும் என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

வியாழன் காலை 6.50க்குத் திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையத்தில் சிதம்பரம் வண்டி. டிக்கெட் 40 ரூபாய். உட்கார இடம் வேண்டுமென்றால் ஆறரைக்குள் போய்விடுங்கள். முதுநகரில் கூட்டம் ஏறினால் அப்புறம் நிற்க வேண்டியதுதான். கார் எடுக்கலாமே என்று கேட்பீர்கள். அவ்வளவு கோபத்தில் நான் வண்டி ஓட்டக் கூடாது என்று வீட்டில் சாவியை எடுத்து ஒளித்துவிட்டார்கள்.

குடிகாட்டைக் கடக்கும்போது மணி 7.20. அந்த இடத்தில் கைக்குட்டையால் மூக்கை மூடுகிறவர் வெளியூர், மூடாதவர் நம்மூர். ஆலை வாசலில் என் பதினான்கு குழாய்களும் வெயிலில் கிடந்தன. ஒவ்வொன்றின் மேலும் சிவப்புப் பெயிண்டில் ‘ரிஜெக்ட்’. அந்தச் சாலையில் போகிற வருகிறவர்களில் பாதிப் பேர் என் வாடிக்கையாளர்கள். ஜன்னல் கம்பியை நான் பிடித்த பிடியில் பக்கத்து இருக்கைக்காரர், “என்னாங்க, வாந்தி வருதா?” என்று கேட்டு எழுந்து நின்றுகொண்டார். வந்தவரை லாபம், கால் நீட்டி உட்கார்ந்தேன்.

ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர், வெள்ளாற்றுப் பாலம். வழி நெடுக அந்த ஸ்டோர்ஸ் அதிகாரியிடம் என்னென்ன பேச வேண்டும் என்று மனதுக்குள் ஒத்திகை. பாலத்தில் வண்டி ஏறியபோது அவரை ராஜினாமாவே செய்ய வைத்துவிட்டேன்.

8.10க்குச் சிதம்பரம். பேருந்து நிலையத்துக்கு வெளியே இட்லியும் கொத்சும், 55 ரூபாய். கத்திரிக்காய் கொத்சு பிரமாதம் என்பார்கள். கோபத்தில் சாப்பிட்டதால் எனக்கு ருசி தெரியவில்லை, அடுத்த தடவை போய்ச் சாப்பிட்டுவிட்டுச் சொல்கிறேன். ஆட்டோவுக்கு 100 ரூபாய் கேட்டார். இரண்டரை கிலோமீட்டருக்கு. 70க்குப் பேசினேன். பையில் இருந்ததை எட்டிப் பார்த்துவிட்டு, “பழைய இரும்புக் கட அந்தாண்ட சைடு சார். காலேஜுல எடுக்க மாட்டாங்க” என்றார்.

கல்லூரி வாசலில் ஆதார் அட்டை நகல் கேட்பார்கள், எடுத்துப் போங்கள். காவலாளி நோட்டில் ‘இரும்புத் துண்டு - 1’ என்று எழுதினார்.

“இரும்பு இல்லைங்க, எஸ்.எஸ்.”

“காந்தம் ஒட்டுமா?”

“ஒட்டும்.”

“அப்புறம் இரும்புதான?”

கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனேன். வேறென்ன செய்ய?

ஆய்வகத்தில் இருந்தவர் வளர்மதி என்ற ஆராய்ச்சி மாணவி. சேத்தியாத்தோப்புக்காரர். முப்பது வயது இருக்கும், எண்ணெய்க் கறை படிந்த நீலக் கோட்டு. முதல் பேச்சே வெட்டு.

“ரிப்போர்ட்டுக்கு ஏழு நாள் ஆகும் சார்.”

“நாளைக்குக் காலைல வேணும்மா.”

“எல்லாரும் அவசரம்னுதான் வர்றாங்க. சாவகாசமா வர்ற ஆளு ஒருத்தர நான் பாத்ததில்ல.”

விவரத்தைச் சொன்னேன். காந்தம் ஒட்டியது, திருப்பிவிட்டார்கள் என்றேன். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அதற்குப் பதிலாக 316 போடுகிறார்கள் என்றதும் எழுந்துவிட்டார்.

“உள்ள என்ன ஓடுது?”

“உப்புத்தண்ணி.”

“எத்தன டிகிரி?”

“தொண்ணூறுக்கு மேல.”

“கருமம்” என்றார். நான்கு வருடமாக அவர் படித்துக்கொண்டிருப்பதே அந்த விரிசலைத்தானாம். துண்டை என் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார்.

அடுத்த மூன்று மணி நேரம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்களில் பலர் இதற்காகவே ஒருநாள் போவீர்கள். துண்டிலிருந்து கடலை மிட்டாய் அளவுக்கு ஒரு சில்லை, சூடேறாமல் தண்ணீர் விட்டுக்கொண்டே அறுத்தார். அதைக் கறுப்புப் பிளாஸ்டிக் வில்லைக்குள் பதித்தார். உப்புத்தாளில் தேய்ப்பு. சொரசொரப்பிலிருந்து வழுவழுப்புவரை ஐந்து தாள். ஒவ்வொரு தாளுக்கும் வில்லையைத் தொண்ணூறு டிகிரி திருப்பி, முந்தின கீறல் அழிந்ததா என்று பார்க்கிறார். அப்புறம் சுழலும் துணியில் பசை போட்டு மெருகு. முகம் பார்க்கலாம் போல் ஆனது. அவ்வளவு பாடுபட்டு மெருகேற்றியதை ஒரு திரவத்தில் வைத்து மின்சாரம் பாய்ச்சி மறுபடி அரிக்க விட்டார். எனக்குப் பதறியது.

“அரிச்சாதான் சார் உள்ள யார் யார் இருக்காங்கன்னு தெரியும்” என்றார். “ரெண்டு பேர் இருந்தா உங்க சரக்கு நல்லது. மூணாவது ஆளு இருந்தா, பாண்டி பைப்புக்கும் உங்க பைப்புக்கும் வித்தியாசம் இல்ல.”

“மூணாவதுன்னா?”

“செய்யும்போது சூடு தப்பாப் பட்டா உள்ள இன்னொரு பொருள் வந்து உக்காந்துக்கும். வெளிய பளபளன்னு இருக்கும். தட்டுனா மண்சட்டி மாதிரி ஒடையும்.”

அந்த இடத்தில்தான் முதல்முறையாக ஸ்டோர்ஸ் அதிகாரியை மறந்தேன். இவ்வளவு நேரம் என் பெயருக்காகத் துள்ளியிருக்கிறேன். குழாய் கெட்டது என்றால்? ஏழுமலை பக்கத்தில் நானே கொண்டுபோய் வைக்கப் பார்த்தேன் என்று ஆகாதா?

நுண்ணோக்கியில் அவர் நெடுநேரம் பார்த்தார். மேலே, கீழே, ஓரம், நடு. பிறகு நாற்காலியை நகர்த்தி என்னைப் பார்க்கச் சொன்னார். கோரைப்பாயை விரித்த மாதிரி இருந்தது. பழுப்புக் கோடு, வெள்ளைக் கோடு, பழுப்பு, வெள்ளை. இருபத்தாறு வருடமாக எஸ்.எஸ். விற்கிறேன். அதற்குள் இப்படி ஒரு பாய் விரித்திருக்கிறது என்று அன்றுதான் பார்த்தேன்.

“பழுப்பு காந்தத்துல ஒட்டும். வெள்ள ஒட்டாது. ரெண்டும் ஏறக்கொறைய பாதிப் பாதி. 316ல பூரா வெள்ளதான், விரிசல் ஒருதடவ உள்ள பூந்தா ரோடு போட்ட மாதிரி நேரா ஓடும். இதுல பழுப்பு வந்து குறுக்க நிக்குது. மூணாவது ஆளு இல்ல, நல்லாத் தேடிட்டேன். அருமையான பைப்பு சார்.”

“அப்ப காந்தம் ஒட்டுனது?”

“ஒட்டலன்னாதான் நான் பயந்திருப்பேன்.”

கையெடுத்துக் கும்பிடலாம் போல் இருந்தது. அடுத்ததாக அவர் கேட்டார்: “ஒட்டுனா மட்டம்னு இந்த ஊர் ஆளுங்களுக்கெல்லாம் எவன் சார் கத்துக்குடுத்தது? வர்ற பத்துப் பேர்ல ஒம்பது பேர் இதையேதான் சொல்றாங்க.”

நான் பாக்கெட்டில் கைவிட்டு என் சாவிக்கொத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

சொல்லிவிடுகிறேன். எட்டு வருடம் முன்பு ஓர் ஆயுத பூஜைக்கு, வாடிக்கையாளர்களுக்குக் காலண்டருக்குப் பதிலாக இருநூறு காந்தம் செய்து கொடுத்தேன். வட்டமாக, என் கடைப் பெயரோடு. என் சாவிக்கொத்தில் தொங்குவதும் அதில் ஒன்று. பெயருக்குக் கீழே: ‘காந்தம் பொய் சொல்லாது. ஒட்டினால் வாங்காதீர்கள்.’ அப்போது மட்ட ரகத்தை எஸ்.எஸ். என்று விற்ற போட்டிக் கடைகள் இரண்டை அந்த ஒரு வரி படுக்க வைத்தது. கடலூரில் என் கடை எழுந்து நின்றது அதில்தான். காந்தத்தில் ஒட்டாத மட்ட ரகமும் உண்டு என்று அப்போதே எனக்குத் தெரியும். அதையும் சேர்த்து அச்சடித்தால் வரி நீளும், கேட்கிறவர்களுக்குக் குழப்பம் வரும் என்று விட்டுவிட்டேன். ஸ்டோர்ஸ் அதிகாரி டிராயரிலிருந்து எடுத்தது அந்த இருநூறில் ஒன்று. புதன்கிழமையே பார்த்தேன். பார்த்தும், தப்பு அவருடையது என்றே ஒருநாள் முழுக்கக் கத்திக்கொண்டிருந்தேன்.

“யாருன்னு தெரியலம்மா” என்றேன் வளர்மதியிடம். பொய்.

கட்டணத்தைப் பணமாக வாங்க மாட்டார்கள், இணையத்தில்தான் கட்ட வேண்டும். அறிக்கையில் துறைத் தலைவர் கையெழுத்து வேண்டும். அவர் கூட்டத்திலிருந்து வர 2.40 ஆனது. அதுவரை மரத்தடி சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சாப்பாடு இறங்கவில்லை. அறிக்கையோடு கோரைப்பாய்ப் படத்தையும் பெரிதாக அச்சிட்டுக் கொடுத்தார் வளர்மதி. ஏழுமலையைப் பற்றி வேலைக்கு நடுவே அவரிடம் சொல்லியிருந்தேன். “மச்சான்கிட்ட சொல்லுங்க, என்னை மாதிரி ஆளுங்க விரிசலப் படிக்கிறதே அவுரு மாதிரி ஆளுங்க பக்கத்துல நிக்கிறாங்கன்னுதான்” என்றார்.

3.15 பேருந்து. 4.30க்குக் குடிகாட்டில் ஆலை வாசலிலேயே இறங்கிக்கொண்டேன். ஸ்டோர்ஸ் அறையில் அதிகாரி, பராமரிப்புப் பொறியாளர், மூலையில் ஹெல்மெட்டோடு ஏழுமலை. 316ல் இரண்டு குழாய் ஏற்கெனவே வெல்டிங் ஆகிவிட்டதாம். அறிக்கையையும் படத்தையும் மேஜையில் வைத்தேன். பொறியாளர் படித்தார். அதிகாரி படிக்கவில்லை. காந்தத்தை எடுத்து அறிக்கையின் மேல் வைத்தார், எழுத்து என் பக்கம் தெரியும்படி.

“இது உங்க கட காந்தம்தான? நீங்கதான ஐயா குடுத்தீங்க? எட்டு வருஷமா இத வெச்சிதான் சரக்கு எடுக்கறேன். உங்களுக்குப் போட்டியா வந்தவன் பைப்பயெல்லாம் இத வெச்சித் திருப்பினப்ப இனிச்சிது. இன்னிக்கி உங்க பைப்புல ஒட்டுனா, ஒட்டுறதுதான் நல்லதுன்னு படம் காட்டுறீங்க. அடுத்த ஆயுத பூஜைக்கி என்னா குடுப்பீங்க, எலுமிச்சம்பழமா?”

ஏழுமலை சிரிப்பை அடக்க ஹெல்மெட்டைக் குனிந்து துடைத்தான். பேருந்தில் ஒத்திகை பார்த்த வசனம் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை.

“அவரு சொல்றது சரிதான் சார்” என்றேன் பொறியாளரிடம். “தப்பு என் காந்தத்துல.”

“அத எழுதிக் குடுங்க” என்றார் அதிகாரி. “உங்க லெட்டர்பேடுல. உங்க காந்தத்துல அடிச்சது தப்புன்னு. நாளைக்கி ஆடிட்டுல என்னைக் கேட்டா நான் காட்டணும். அது வந்தா அடுத்த நிமிஷம் ரிஜெக்ட்ட எடுக்கறேன்.”

அந்த வரியில் கட்டிய கடை என்னுடையது. எழுதிக் கொடுத்தால் அடுத்த நாள் தொழிற்பேட்டை முழுக்க வாட்ஸ்அப்பில் போகும் என்று தெரியும். மறுக்கலாமா என்று ஒரு நொடி நினைத்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். ஏழுமலை துடைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். சட்டைக் கை மடித்திருந்தது. முழங்கை வெந்தது வேறொருவருக்கு என்றாலும் என் கண் அங்கேதான் போனது. கடைப் பையனை அனுப்பாமல் நானே ஆட்டோ பிடித்து மஞ்சக்குப்பம் போய், லெட்டர்பேடு எடுத்துவந்து, அவர் எதிரிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். போய் வர 420 ரூபாய். பேரம் பேசவில்லை.

பொறியாளர் ஸ்டார்ட்டப்பை ஒருநாள் தள்ளிவைத்தார். வெல்டிங் ஆன 316 இரண்டையும் வெட்டி எடுத்துவிட்டு என் குழாய்களை ஏற்றினார்கள். சனிக்கிழமை காலை உப்புநீர் விட்டார்கள். ஒன்பது மணிக்கு ஏழுமலை போன்.

“ஓடுது மாமா. பைப்புல உங்க பேர் இல்ல, ‘ரிஜெக்ட்’டுன்னுதான் எழுதியிருக்குது. அத அழிக்க யாருக்கும் டைம் இல்லியாம்.”

கடிதம் நான் நினைத்ததைவிடச் சீக்கிரம் ஊரைச் சுற்றியது. சனிக்கிழமை மதியத்துக்குள் நான்கு பேர் எனக்கே அனுப்பிவிட்டார்கள். ஒருவர் அழுகிற பொம்மை போட்டிருந்தார்.

நீங்கள் போவதாக இருந்தால்: துண்டை ரம்பத்தால் அறுங்கள், கேஸ் வைத்து வெட்டாதீர்கள், சூட்டில் உள்ளே இருப்பது மாறிவிடும். மூன்று அங்குலம் போதும். எந்தக் குழாயிலிருந்து வெட்டியது என்று இரண்டிலும் ஒரே குறி போடுங்கள். முதல் நாளே போன் செய்துவிட்டுப் போங்கள், எனக்குக் கிடைத்தது அதிர்ஷ்டம், அது உங்களுக்கும் கிடைக்கும் என்று நம்பி இறங்காதீர்கள். ஒன்றிலிருந்து இரண்டுவரை ஆய்வகம் பூட்டியிருக்கும். காலை வண்டியில் போய் மாலைக்குள் திரும்பிவிடலாம், முதுநகர் ரயில் இன்னும் வேகம், ஆனால் குடிகாட்டில் நிற்காது. முக்கியமாக, எதற்காகச் சோதிக்கிறீர்கள், உள்ளே என்ன ஓடப்போகிறது, எத்தனை டிகிரி என்று சொல்லுங்கள். அதைச் சொன்ன பிறகுதான் எனக்கு வேலை நடந்தது.

கோபம் இன்னும் இருக்கிறது. கருவியை ரிப்பேருக்கு அனுப்பிவிட்டுக் காந்தத்தை நம்புகிற ஆலைமேல் இருக்கிறது. ஒரு வரியை எட்டு வருடம் சரிபார்க்காத என்மேல் அதைவிட ஜாஸ்தி. இருநூறில் இதுவரை முப்பத்தொன்று கடைக்குத் திரும்பி வந்திருக்கின்றன. உங்களிடம் ஒன்று இருந்தால் கொண்டுவந்து கொடுங்கள், பதிலுக்கு நல்ல அளவு நாடா தருகிறேன். வர முடியாதவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள். கரண்ட் பில்லைப் பிடித்துக்கொள்ளும். அதற்கு மேல் அதை எதுவும் கேட்காதீர்கள்.